ஒற்றைச் சாட்சியின் கதை

அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஆறு மாதங்கூட நிலைக்காமல் மறைந்த தொடர் நாடகங்கள் ஏராளம். அவற்றைத் தேடியெடுத்துத் திறனாய்வு செய்வது வீண் வேலை என்று வாசக அன்பர்கள் கருதக்கூடும். 1981 ஜனவரியில் என்.பி.சி. நிறுவனம் ஒளிபரப்பத் தொடங்கி, ஏழே பகுதிகளோடு அவ்வாண்டு ஜூனில் முடித்துக்கொண்ட 'வாக்கிங் டால்' என்னும் தொடரும் அவ்வாறு மறக்கப்பட்ட ஒன்றே. 'நிமிர்ந்த நடை' என்று அத்தலைப்பைத் தமிழாக்கலாம். 2025 ஆகஸ்ட் 29 அன்று டென்னஸி மாநிலப் புலனாய்வுத் துறை வெளியிட்ட ஓர் அறிவிப்பு அத்தொடரை மீண்டும் நம் பார்வைக்குக் கொண்டு வந்திருக்கிறது. அந்த அறிவிப்பைப் படித்த பின்னர், அக்கதையை முன்பு பார்த்த கண்களால் எவரும் பார்த்தல் இயலாது.

தொடரின் நாயகன் ஒரு நாட்டுப்புற ஷெரிஃப். இச்சொல்லைக் கேட்டவுடன் நம்மவர் பலருக்கு அரபு மொழியின் 'ஷரீஃப்' நினைவுக்கு வருவது இயல்பே. ஒலி ஒன்றுபட்டாலும் வேர் வேறு. பழைய ஆங்கிலத்தில் 'ஷயர்' எனப்பட்ட நாட்டுப்பிரிவை மேற்பார்த்த அதிகாரியின் பட்டமே திரிந்து ஷெரிஃப் ஆயிற்று. சென்னையிலும் ஒரு காலத்தில் ஷெரிஃப் இருந்தார். அது வெறுங் கௌரவப் பதவி. அமெரிக்காவின் கவுண்டிகளிலோ அப்படியன்று. மக்களின் வாக்குப் பெற்றுப் பதவிக்கு வரும் அவரே அவ்வட்டாரத்துக் காவலின் தலைவர். சிறைச்சாலையும் அவர் பொறுப்பில் இருக்கும். ஊரார் வாக்களித்து ஒருவர் கையில் துப்பாக்கியையும் சாவிக்கொத்தையும் ஒப்படைக்கின்றனர் எனலாம். இதை மனத்தில் இருத்திக்கொண்டால்தான் பின்வருவது விளங்கும்.

'வாக்கிங் டால்' கற்பனைப் பாத்திரத்தைக் கொண்ட கதையன்று. ப்யூஃபோர்ட் பஸ்ஸர் என்பவர் டென்னஸி மாநிலத்தின் மக்நெய்ரி கவுண்டியில் 1937 ஆம் ஆண்டு பிறந்தவர். ஆறரை அடி உயரம். சிலகாலம் மல்யுத்த மேடைகளில் நின்றவர். 1964 முதல் 1970 வரை அக்கவுண்டியின் ஷெரிஃபாக இருந்தார். டென்னஸியும் மிசிசிப்பியும் கூடும் எல்லையில் அந்நாளில் கள்ளச்சாராயமும் சூதும் விலைமாதர் தொழிலும் ஒரு கூட்டத்தாரின் ஆதிக்கத்தில் இருந்தன. அக்கூட்டத்தாரை எதிர்த்து அவர் போரிட்டார் என்பதும், கத்திக்குத்தும் துப்பாக்கிச் சூடும் பட்டார் என்பதும் அவர் புகழுக்கு அடிப்படை.

1967 ஆகஸ்ட் 12 அன்று, விடியுமுன், ஏதோ தகராறு என்று வந்த தொலைபேசி அழைப்பின் பேரில் தம் மனைவி பாலினுடன் காரில் சென்றதாகவும், நியூ ஹோப் சாலையில் வேறொரு கார் பக்கவாட்டில் வந்து சரமாரியாகச் சுட்டதாகவும், பாலின் இறந்து தம் தாடை சிதைந்ததாகவும் பஸ்ஸர் கூறினார். உடனிருந்த ஒரே ஆள் உயிரோடில்லை. ஆகவே அந்த இரவின் கதைக்குச் சாட்சி அவர் ஒருவரே. குற்றம் சாட்டப்பட்டு எவரும் கூண்டில் நிறுத்தப்படவில்லை.

அந்த ஒற்றை வாக்குமூலத்தின் மேல் எழுந்த மாளிகையைப் பாருங்கள்! 1973 இல் ஃபில் கார்ல்சன் இயக்கிய திரைப்படம் வந்தது. ஜோ டான் பேக்கர் ஷெரிஃபாகவும் எலிசபெத் ஹார்ட்மன் பாலினாகவும் நடித்தனர். கார்ல்சன் கைதேர்ந்தவர், அலபாமாவின் ஃபீனிக்ஸ் நகரத்து ஊழலை வைத்து 1955 இலேயே அழுத்தமான படமொன்றைத் தந்தவர். முகத்தைச் சாந்துக்கட்டு மூடியிருக்க, மனைவியின் அடக்கத்திலிருந்து நேரே புறப்பட்டுச் சென்று சூதாட்ட விடுதிக்குள் காரை மோதும் நாயகனையும், அதன்பின் ஊர்மக்கள் சூதாட்ட மேசைகளை வெளியே இழுத்துப் போட்டு எரிப்பதையும் அவர் காட்டிய விதத்தில் முரட்டுத்தனமான ஓர் ஆற்றல் இருந்ததை மறுப்பதற்கில்லை. மக்கள் திரண்டு வந்தனர். அடுத்த படத்தில் தாமே தம் பாத்திரத்தை ஏற்க ஒப்புக்கொண்ட அன்றே, 1974 ஆகஸ்ட் 21 இல், பஸ்ஸர் கார் விபத்தில் மாண்டார். அந்த இடத்தைச் சுவீடனில் பிறந்த போ ஸ்வென்சன் நிரப்பினார். 1975 இல் இரண்டாம் படம். 1977 இல் நாயகனின் மரணத்தோடு முடியும் 'இறுதி அத்தியாயம்'. 1978 இல் ப்ரையன் டென்னஹி நடித்த தொலைக்காட்சிப் படம். இறுதி அத்தியாயம் முடிந்தும் வணிகர்களுக்கு முடிவு வரவில்லை. நான்கே ஆண்டுகளில் அதே ஸ்வென்சன் மீண்டும் பதவிச் சின்னத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு சின்னத்திரைக்கு வந்தார்.

தொடரில் ஷெரிஃப் மனைவியை இழந்தவர். வயது முதிர்ந்த தந்தை, தாயில்லாப் பிள்ளைகள், விசுவாசமான உதவிக் காவலர்கள் ஆகியோர் அவரைச் சூழ்ந்துள்ளனர். 'கடத்தப்பட்டவர்', 'கூலிக்கொலைஞன்' என்று போகும் தலைப்புகளே கதைகளின் போக்கைச் சொல்லிவிடும். தீயவர் வெளியிலிருந்து வருகிறார்; சட்டம் தயங்கி நிற்கிறது; ஷெரிஃப் தயங்குவதில்லை. ஸ்வென்சன் திறமையற்ற நடிகர் அல்லர். ஆறடிக்கு மேற்பட்ட அவ்வுடலில் ஒரு சோர்வு உண்டு. பேச்சிலும் நிதானம் உண்டு. ஆனால் அந்தச் சோர்வு எங்கிருந்து வந்தது என்று எழுத்தாளர்கள் கேட்கவே இல்லை. சந்தேகமே அறியாத மனிதனை நாடகத்தின் நடுவில் நிறுத்தினால் அவனுக்கு வளர்ச்சி ஏது? முதற்பகுதியில் அவன் எப்படியோ கடைசிப் பகுதியிலும் அப்படியே. அதே காலத்தில் சி.பி.எஸ். காட்டி வந்த 'ட்யூக்ஸ் ஆஃப் ஹாஸர்ட்' தொடரில் நாட்டுப்புற ஷெரிஃப் ஒரு கோமாளி. மக்கள் அந்தக் கோமாளியைத்தான் ஆண்டுக்கணக்கில் விரும்பிப் பார்த்தனர். பஸ்ஸருக்கோ சிரிக்கத் தெரியவில்லை.

எனினும் நாடகத்தின் பெருங்குறை அதுவன்று. வன்முறை செய்யும் நாயகனை நாம் ஏன் மன்னிக்கிறோம்? அவன் இழந்தவன் என்பதால். தடியெடுத்து ஒருவனை அடித்து நொறுக்கும்போது, பார்ப்பவர் உள்ளத்தில் ஒரு கல்லறை நிழலாடுகிறது. அந்நிழல் அடிக்கு நியாயம் கற்பிக்கிறது. பாலின் இல்லாத அத்தொடரில் ஒவ்வொரு அடிக்கும் பாலினே உரிமைச்சீட்டு. உயிரோடு ஒரு காட்சியிலும் தோன்றாத பெண்ணொருத்தி நாடகம் முழுமைக்கும் விலை கொடுத்துக்கொண்டே இருக்கிறாள். அவள் யார், எதை விரும்பினாள், எதற்கு அஞ்சினாள், அந்த வீட்டில் அவள் வாழ்வு எவ்வாறிருந்தது என்பவற்றில் ஒன்றையேனும் கேட்க இடமிருந்தும் கேட்கவில்லை.

இனி 2025 ஆம் ஆண்டின் அறிவிப்பைப் பார்ப்போம். பழைய வழக்கை மீளாய்வு செய்த புலனாய்வுத் துறையினர் 2024 பிப்ரவரியில் பாலினின் உடலைத் தோண்டியெடுத்து உடற்கூறு ஆய்வு செய்வித்தனர். அதற்குமுன் அது செய்யப்பட்டதில்லை. தலையில் பட்ட காயம் காரின் உட்புறத்தோடு பொருந்தவில்லை. காரின் முன்மூடியில் வெளிப்புறமாக இரத்தம் தெறித்திருந்தது, காருக்குள் இருந்தபோது சுடப்பட்டார் என்னும் கதைக்கு மாறாயிருந்தது. அவர் வெளியே சுடப்பட்டுப் பின்னர் உள்ளே கிடத்தப்பட்டிருக்கலாம் என்றும், பஸ்ஸரின் கன்னத்துக் காயம் தூரத்திலிருந்து வந்த குண்டினால் அன்றி மிக அருகில் வைத்துச் சுட்டதனால், பெரும்பாலும் தம்மைத்தாமே சுட்டுக்கொண்டதனால், நேர்ந்தது என்றும் ஆய்வாளர் கருதினர். இவை எல்லாவற்றையும்விட நெஞ்சை உறுத்துவது வேறொன்று. பாலினின் மூக்கெலும்பு இறப்பதற்கு முன்பே ஒருமுறை முறிந்து ஆறியிருந்தது. வீட்டுக்குள் நடந்ததை ஐம்பத்தெட்டு ஆண்டுகள் எவரும் சொல்லவில்லை, எலும்பு சொல்லிற்று.

பஸ்ஸர் உயிரோடிருந்தால் மனைவியைக் கொன்றதாக அவர்மீது குற்றச்சாட்டுக் கொண்டுவரப் போதிய ஆதாரம் உண்டு என்று அரசு வழக்கறிஞர் அறிவித்தார். இது தீர்ப்பன்று என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். இறந்தவர் தமக்காக வாதாட முடியாது, குறுக்கு விசாரணை நடக்கவில்லை, நடக்கவும் போவதில்லை. அவரை நேசித்த ஊரார் இதை ஏற்க மறுப்பின் அதையும் புரிந்துகொள்ளலாம். ஆடம்ஸ்வில் ஊரில் அவர் வாழ்ந்த இல்லம் நினைவுக் காட்சியகமாக்கப்பட்டது. அத்தகைய ஊருக்கு இச்செய்தி இடியாகவே இருந்திருக்கும்.

நாடகத்தை நாடகமாகப் பார்க்க வேண்டாமா, நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த சான்றைக் கொண்டு அன்றைய எழுத்தாளரைக் குறை கூறலாமா என்று நண்பரொருவர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. நாயகனுக்கு வேறு பெயர் இட்டிருந்தால் அவர் கேள்வியோடு நான் உடன்பட்டிருப்பேன். 2004 இல் வந்த மறுபடைப்பு அவ்வாறே ஆளையும் மாநிலத்தையும் மாற்றிக்கொண்டது. 1981 இன் தொடரோ ப்யூஃபோர்ட் பஸ்ஸர் என்னும் பெயரை வைத்துக்கொண்டு, 'இது நடந்தது' என்னும் நம்பிக்கையை முதலீடாக்கியது. உண்மையிடம் கடன் வாங்கி வணிகம் செய்தவர், உண்மை வாசலில் வந்து நிற்கும்போது, நான் வெறும் கதைக்காரன் என்று கதவைச் சாத்த முடியாது. மேலும், புதிய தடயங்கள் கிடைக்காவிட்டாலும் கேட்டிருக்கக் கூடிய கேள்வி ஒன்று அன்றே இருந்தது. ஓர் ஊரின் காவல் தலைவரே ஒரு கொலைக்கு ஒரே சாட்சியாகவும் இருக்கும்போது, அவரை விசாரிப்பவர் யார்? தடயவியல் அறியாத நாடகாசிரியனுக்கும் இக்கேள்வி எழுந்திருக்க வேண்டும். உலக இலக்கியத்தின் பெரிய நாடகங்கள் பல இத்தகைய கேள்வியிலிருந்தே பிறந்தவை.

ஜப்பானியரான குரோசவா 1950 இல் எடுத்த 'ரஷோமோன்' படத்தை நினைத்துப் பாருங்கள். அங்கும் வழியில் ஒரு தம்பதியர், ஒருவர் இறக்கிறார். ஆனால் அங்கே கள்வனும் மனைவியும் விறகுவெட்டியும் ஆளுக்கொரு கதை சொல்கின்றனர். இறந்தவனுக்கும் வாய் தரப்படுகிறது. மக்நெய்ரியின் கதையிலோ இறந்தவளுக்கு வாயில்லை. இன்னொன்றும் உண்டு. 1995 இல் சி.பி.எஸ். காட்டிய 'அமெரிக்கன் காதிக்' என்னும் தொடரும் ஒரே பருவத்தில் நின்றுபோனது. அதன் ஷெரிஃப் முதற்பகுதியிலேயே ஓர் இளம்பெண்ணைக் கொன்று, பழியை அவள் தந்தைமேல் சுமத்துகிறான். ஊர் அவனுக்கு அஞ்சிப் பணிகிறது. அதை மக்கள் பேய்க்கதை வரிசையில் வைத்தனர். வீரகாவியம் என்று வைத்ததையும் பேய்க்கதை என்று வைத்ததையும் இன்று பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால், எதை எந்த அலமாரியில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கலை என்ற அளவில் பிந்தியதே மேல். அதிகாரம் எவ்வாறு ஊரின் நாவைக் கட்டுகிறது என்பதையாவது அது கண்டிருந்தது.

மூன்று படங்கள், ஒரு தொலைக்காட்சிப் படம், ஏழு பகுதித் தொடர், ஒரு மறுபடைப்பு என்று பஸ்ஸரின் பெயரில் விளைந்தவை இவ்வளவு. இவற்றுள் பாலினின் வாழ்வை அவள் பக்கமிருந்து சொன்னது ஒன்றுமில்லை. எலிசபெத் ஹார்ட்மன் மென்மையான நடிகை; 1973 இன் படத்தில் கணவனைத் தடுத்து, வேண்டாம் என்று கெஞ்சும் மனைவியாக அவர் நிற்கும் காட்சிகளை அன்று பலரும் வீரனின் வழியில் குறுக்கிடும் தடையாகவே எண்ணிக் கடந்தனர். அந்த அச்சத்தை இப்போது பார்க்கையில் அதற்கு வேறொரு பொருள் தோன்றுவதைத் தடுக்க முடியவில்லை. பாலின் இறந்தபோது வயது முப்பத்து மூன்று.