சாட்சி சொல்ல வந்தவர்

நாவலில் சாவை எழுதுவது சுலபம். நன்றியோடு சாகிற மனிதனை எழுதுவதுதான் கஷ்டம். கொஞ்சம் பிசகினாலும் பிரசங்கமாகிவிடும்.

ஜார்ஜ் பெர்னானோஸ் 1936ல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட 'ஒரு கிராமப் பாதிரியாரின் டைரி' பிசகவில்லை. அதில் வரும் இளம் பாதிரியார் பரம ஏழை. ஊரார் அவரைக் குடிகாரர் என்று சந்தேகிக்கிறார்கள். ஓயாத வயிற்று வலிக்காக லீல் நகரத்து டாக்டரிடம் போகிறார். புற்றுநோய் என்று தெரிகிறது. அவர் வீரம் பேசவில்லை. கலங்கி அழுகிறார். காலைப் பொழுதுகளின் மேல் தமக்கு இத்தனை ஆசையா என்பது அப்போதுதான் அவருக்கே தெரிகிறது.

அவருடைய சாவு மட்டும் டைரியில் இல்லை. ஒரு கடிதத்தில் வருகிறது. எழுதுகிறவர் பாதிரிப் பட்டத்தை உதறிவிட்டு மருந்து வியாபாரத்தில் இறங்கிய பழைய நண்பர். அவர் வீட்டில்தான் இவர் உயிர் பிரிகிறது. வேறு பாதிரியார் வந்து சேர நேரமில்லை. அந்த நண்பரிடமே பாவமன்னிப்பைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார். அதில் குறையொன்றும் காணாமல், யாவும் கொடையே என்கிற பொருளில் இரண்டொரு வார்த்தை சொல்லிக் கண்ணை மூடுகிறார்.

இதையே அவர் தம் கையால் எழுதியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். தன் நன்றியைத் தானே மெச்சிக்கொள்கிறார் என்றுதான் தோன்றியிருக்கும். விட்டு விலகிப்போனவர் சாட்சி சொல்கிறார், அதுவும் கணக்கு எழுதுகிற தோரணையில், மறுக்க வழியில்லை. பெர்னானோஸ் பக்தியுள்ள கத்தோலிக்கர். ஆனாலும் அந்தக் கடைசிப் பக்கத்தில் அவர் உபதேசியாக மாறவில்லை. அந்த மதத்தைச் சேராத நானும் புத்தகத்தை மூடிவிட்டு வெகு நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.