மறுநாள் வராத ஆசிரியர்கள்

பொங்கல் கழிந்தால் பல கல்லூரிகளில் முகாம் காலம் தொடங்கிவிடும். நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாம் ஒருபக்கம், தன்னார்வ அமைப்புகளின் வார இறுதிப் பயணங்கள் மறுபக்கம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைப் பேருந்து ஏறி முடிப்பதற்குள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போட்டாகிவிடும். பள்ளி வளாகத்தில் கல்லூரி முதல்வர் படம் போட்ட பேனர், ஒரே நிற டி-சர்ட்டில் அண்ணன்களும் அக்காக்களும், வட்டமாக நிற்கும் பிள்ளைகள், ஒரு ஆக்‌ஷன் பாட்டு. மறுநாள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில், மலைக்கிராமத்தில் மாணவர்கள் ஆசிரியர்களாக மாறிவிட்டதாகச் செய்தி.

இதைக் குறை சொன்னால் பதில் தயாராக இருக்கிறது: “ஒன்றுமே செய்யாதவர்களுக்கு இவர்கள் தேவலாம் இல்லையா? ஒரு பிள்ளைக்குப் பயன்பட்டாலும் போதாதா?” கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நகரத்துப் பள்ளியில் தன் பிள்ளையின் வகுப்புக்கு வாரம் ஒரு புது ஆள் வந்து பாட்டுப் பாடிவிட்டுப் போனால், தேவலாம் என்று எந்தப் பெற்றோரும் சொல்லமாட்டார். அன்று மாலையே தலைமையாசிரியர் அறை வாசலில் நிற்பார். மலையிலிருக்கும் பிள்ளைக்கு மட்டும் அந்தத் தேவலாம் போதும் என்று முடிவுசெய்தது யார்?

நல்லதைச் சொல்லிவிடலாம். போகிற மாணவர்கள் கெட்ட எண்ணத்தோடு போவதில்லை. செல்பேசிக் கோபுரம் எட்டாத ஊரில், பள்ளி வராந்தாவில் படுத்து, சுவருக்கு வெள்ளையடித்து, புதர் வெட்டி வருகிறார்கள். பட்டப்படிப்பு படிக்கும் ஒரு பெண்ணை வாழ்க்கையில் முதன்முதலாகப் பக்கத்தில் பார்க்கும் சிறுமிக்கு ‘நாமும் போகலாமோ’ என்று தோன்றலாம். அது சிறிய விஷயமில்லை. போய்வந்த மாணவர்களில் சிலர் பின்னாளில் ஆசிரியர்களாகவே ஆகியிருக்கிறார்கள். 1969-இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம், மரம் நடுவதிலும் ரத்ததானத்திலும் செய்திருப்பதை யாரும் மறுக்கவில்லை. மரத்துக்குக் குழி வெட்ட ஒரு நாள் போதும். எழுத்துக் கூட்டக் கற்றுத்தர ஒரு நாள் போதாது. சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியை நினைத்துக்கொள்ளலாம். ‘படம்’, ‘மரம்’ எல்லாம் தடங்கலில்லாமல் படிக்கிறாள். துணைக்கால் தெரியும். கொம்பு வரும்போதுதான் இடறுகிறது. ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் வேறுபாடு அவளுக்குப் பிடிபடவில்லை. ‘தேன்’ என்பதைத் ‘தென்’ என்று படிக்கிறாள். ‘கேணி’யைப் பார்த்து ‘கெணி’ என்கிறாள். ஒரு நாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து விரலை வைத்துப் படிக்கச் சொன்னால்தான் இது தெரியவரும். தெரிந்ததும் சொல்லிக்கொடுக்கலாம், அவளும் தலையாட்டுவாள். வேலை அதோடு முடிவதில்லை. மறுநாள் காலை மறுபடியும் ‘தென்’ என்றுதான் படிப்பாள். மூன்றாம் நாள் யோசித்துத் திருத்திக்கொள்வாள். நான்காம் நாள் ‘மேடு’ வந்தால் பழைய தவறு திரும்ப வரும். பத்துப் பதினைந்து நாள் கழித்து, யாரும் சொல்லாமலே, சரியாகப் படிப்பாள். ஆசிரியர் என்று நாம் சொல்வது இந்தப் பதினைந்து நாளையும் கூடவே இருந்து பார்க்கும் ஆளைத்தான். முகாம் மாணவர், அதிகம் போனால், முதல் வாரத்தில் மட்டும் இருக்கிறார். பெரும்பாலும் அதிலும் இல்லை. ஐம்பது பேர் சேர்ந்து பாட்டுப் பாடும் இடத்தில் கொம்பில் இடறும் ஒருத்தியைக் கண்டுபிடிப்பது எப்படி?

பள்ளியிலோ இதற்கென்று ஏற்கெனவே ஓர் ஏற்பாடு ஓடிக்கொண்டிருக்கிறது. 2022-இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகள் எந்த வகுப்பு என்பதைவிட எந்த நிலை என்பதே முக்கியம்: அரும்பு, மொட்டு, மலர். யார் எழுத்தில் நிற்கிறார், யார் சொல்லுக்கு வந்துவிட்டார் என்பது ஆசிரியருக்குத் தெரியும். மலைப் பள்ளிகள் பலவற்றில் ஐந்து வகுப்புக்கும் சேர்த்து இரண்டே ஆசிரியர்கள்; அவர்களில் ஒருவர் கூட்டத்துக்கோ பயிற்சிக்கோ கீழே போயிருந்தால் மிஞ்சுவது ஒருவர். முகாம் வரும் நாளில் அந்த ஒருவர் என்ன செய்வார்? பிள்ளைகளை ஒரே அறையில் உட்காரவைப்பார், விருந்தினருக்கு டீ ஏற்பாடு செய்வார், படத்துக்கு நிற்பார். அரும்பும் மொட்டும் மலரும் அன்று ஒரே பாட்டைப் பாடும். உதவிக்கு வந்தவர்கள் அந்த ஆசிரியரின் ஒரு வேலைநாளை எடுத்துக்கொண்டு போகிறார்கள். கல்வி உரிமைச் சட்டம் தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலைநாள் வேண்டும் என்கிறது. அந்தக் கணக்கில் இதுவும் ஒரு நாளாகப் பதிவாகிவிடும்.

மொழியைப் பற்றியும் யாரும் பேசுவதில்லை. பர்கூர் மலையிலும் தாளவாடிப் பக்கமும் பல வீடுகளில் பேசுவது கன்னடம், அல்லது சோளகர் மொழி. நீலகிரியில் இருளருக்கும் குறும்பருக்கும் தனித்தனி மொழிகள் இருக்கின்றன. அந்தப் பிள்ளைக்குப் பாடநூல் தமிழே இரண்டாவது மொழி மாதிரிதான். அங்கே போய், ஆங்கிலம் பாதி கலந்த நகரத்துத் தமிழில் நான்கு கால் பாய்ச்சலில் பேசுகிறவரிடம் பிள்ளை பதில் சொல்லாவிட்டால், “ரொம்ப கூச்சப்படுறாங்க” என்று அறிக்கையில் எழுதிவிடுகிறார்கள்.

இப்படிச் சொன்னால் விவரம் தெரிந்தவர்கள் கியூபாவை இழுப்பார்கள். 1961-இல் அந்த நாடு ஏறக்குறைய ஒரு லட்சம் இளைஞர்களைக் கிராமங்களுக்கு அனுப்பியது. 23 சதவீதமாக இருந்த எழுத்தறியாமை ஒரே ஆண்டில் நான்கு சதவீதத்துக்கும் கீழே இறங்கியதாக அறிவித்தது. மாணவர்கள் போய்த்தானே சாதித்தார்கள் என்பது வாதம். போனார்கள்; ஆனால் எப்படிப் போனார்கள்? அவர்களை அனுப்புவதற்காக நாட்டின் பள்ளிகளையே மாதக்கணக்கில் மூடிவைத்தார்கள். விவசாயியின் வீட்டிலேயே தங்கி, பகலில் அவரோடு வயலில் வேலை செய்து, இரவில் விளக்கு வெளிச்சத்தில் அதே ஆளுக்கு அதே பாடநூலை முடிக்கும்வரை சொல்லிக்கொடுத்தார்கள். அது மறுநாளும் அதற்கு மறுநாளும் இருந்த ஏற்பாடு. ஏழு நாள் முகாமுக்குக் கியூபாவைச் சான்றாகக் காட்டுவது, மழை பெய்ததைக் காட்டி வாளித் தண்ணீரில் நெல் விளையும் என்பது போல.

சீனாவில் இன்னொரு பாடம் இருக்கிறது. சூ பென்யூ என்ற பட்டதாரி, கிடைத்த முதுகலை இடத்தைத் தள்ளிவைத்துவிட்டு குய்சோ மாகாணத்தின் மலைப் பள்ளியில் போய்ப் பாடம் நடத்தினார். 2004-க்கான ‘சீனாவை நெகிழவைத்தவர்கள்’ பட்டியலில் அந்நாட்டு அரசுத் தொலைக்காட்சி அவரைச் சேர்த்தது, நாடே அழுதது. அங்கே 1990-களின் இறுதியிலிருந்து நடக்கும் முதுகலை மாணவர் திட்டத்தில், ஓராண்டு ஏழைப் பகுதியில் பாடம் நடத்துகிறவருக்கு நுழைவுத்தேர்வு இல்லாமலே முதுகலை இடம் உண்டு. பேரம் வெளிப்படையாகவே இருக்கிறது. ஆனாலும் அந்தப் பேரத்தில் குறைந்தபட்சம் ஒரு முழுக் கல்வியாண்டு பள்ளிக்குக் கிடைக்கிறது. நம்மூர் முகாமில் அதுவும் கிடைக்காது.

தன்னார்வலரால் எழுத்துக் கற்றுத்தர முடியாது என்று இங்கே சொல்லவில்லை. முடியும் என்பதற்குச் சான்று வடக்கிலும் இருக்கிறது, தமிழ்நாட்டிலும் இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் ‘பிரதம்’ அமைப்பு உள்ளூர் இளைஞர்களுக்கு நான்கு நாள் பயிற்சி தந்து வாசிப்பு முகாம்கள் நடத்தியது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் அதை ஆராய்ந்தவர்களில் இருவர். பள்ளி முடிந்து நாள்தோறும், மாதக்கணக்கில் நடந்த முகாம்கள் அவை. வந்த பிள்ளைகள் உண்மையாகவே முன்னேறினார்கள். வந்தவர்களோ ஊர்ப் பிள்ளைகளில் வெறும் எட்டு சதவீதம். உள்ளூர்க்காரர் தினம் நடத்தியே இவ்வளவுதான் என்றால், வெளியூர்க்காரர் ஒருநாள் நடத்துவதை எந்தத் தராசில் வைப்பது?

தமிழ்நாட்டுச் சான்று இன்னும் பக்கத்தில் இருக்கிறது. பெருந்தொற்றுக்குப் பிறகு 2021 அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’யில் சுமார் இரண்டு லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்கு மாலையில் வகுப்பெடுத்தார்கள். கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளியலாளர்கள் ஆராய்ந்தபோது, பள்ளி திறந்த ஆறு மாதத்தில் கற்றல் இழப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மீண்டிருந்தது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால்பங்குக்கு இந்த மாலை வகுப்புகள் காரணம் என்றார்கள். அந்தப் பெண்களுக்கு டி-சர்ட் இல்லை. அதே தெருவில் குடியிருக்கிறார்கள். பிள்ளை இரண்டு நாள் வராவிட்டால் குழாயடியில் அவன் அம்மாவைப் பார்த்து, “என்னக்கா, பையனக் காணோம்?” என்று கேட்பார்கள். ஆயிரம் ரூபாய் குறைவு என்பது வேறு விஷயம். அதற்காக வெட்கப்பட வேண்டியது அரசு.

சினிமா இதைச் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறது. இயக்குநர் சற்குணத்தின், தேசிய விருது பெற்ற ‘வாகை சூட வா’ (2011) படத்தில் நாயகன் வேலுத்தம்பி செங்கல் சூளைக் கிராமத்துக்குப் போவது சேவைக்காக இல்லை. சேவை செய்ததாகக் காட்டினால் அரசு வேலை கிடைக்கும் என்பதற்காக. வந்த புதிதில் பிள்ளைகள் அவனைப் பொருட்படுத்துவதே இல்லை. அங்கேயே கிடந்து, அவமானப்பட்டு, நாள் போகப் போகத்தான் அவன் வாத்தியாராகிறான். முதல் வாரத்திலேயே அவன் சான்றிதழை வாங்கிக்கொண்டு கிளம்பியிருந்தால் அங்கே படமே இல்லை. நம் முகாம்கள் முடிவது அந்த முதல் வாரத்தில்தான்.

பிறகு ஏன் இது நடந்துகொண்டே இருக்கிறது? கல்லூரிக்கு இது தேவைப்படுகிறது. நாக் எனப்படும் தேசியத் தரச்சான்று அவையின் மதிப்பீட்டில் ஆராய்ச்சி, புத்தாக்கத்தோடு விரிவாக்கப் பணிக்கும் இடம் உண்டு. எத்தனை நிகழ்ச்சி, எத்தனை மாணவர்கள் பங்கேற்பு என்று எண்ணிக்கை கேட்கிறார்கள். அதற்கு ஆதாரம் ஜியோ டேக் போட்ட படங்கள். அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, நேரம் எல்லாம் படத்தின் மூலையில் பதிவாகியிருக்கும். அந்தப் பிள்ளை ‘தேன்’ என்று படித்தாளா என்பது எந்த மூலையிலும் இருக்காது. மாணவருக்குச் சான்றிதழ், கல்லூரிக்குப் புள்ளி, முதல்வருக்குச் செய்தித்தாளில் படம். மலைக்கு என்ன? ஒரு நோட்டு, ஒரு பென்சில், ஒரு பிஸ்கட் பாக்கெட், சுவரில் ஆணியடித்துவிட்டுப் போன பேனர். மலை இவர்களுக்குப் படப்பிடிப்புத் தளம். இது கடுமையான சொல்தான். மென்மையான சொல் கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம்.

இன்னொரு கேடு கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. தொலைதூரப் பிள்ளைக்கு யார் வேண்டுமானாலும் பாடம் நடத்தலாம் என்ற எண்ணம் இதில் வளர்கிறது. 2022-இல் தமிழக அரசு 13,331 பணியிடங்களைத் தற்காலிக ஆசிரியர்களைக் கொண்டு நிரப்ப முடிவுசெய்தபோது, இடைநிலை ஆசிரியருக்கு நிர்ணயித்த மாதத் தொகை 7,500 ரூபாய். வாத்தியார் வேலை என்பது யாரோ வந்து, கொஞ்ச நாள் பார்த்துவிட்டு, போகக்கூடிய வேலை என்பதில் அரசுக்கும் முகாமுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. தகுதித் தேர்வு எழுதிவிட்டு ஆண்டுக்கணக்கில் பணிக்குக் காத்திருப்பவர்கள் இந்த டி-சர்ட் படங்களைப் பார்க்கும்போது என்ன நினைப்பார்கள்?

செய்ய வேண்டியது சிக்கலான ஒன்றும் இல்லை. ஐம்பது பேரை ஏழு நாள் அனுப்புவதற்குப் பதில், மலையடிவாரத்திலேயே இருக்கும் கல்லூரி, இரண்டு பேரை ஒரே பள்ளிக்கு ஆண்டு முழுவதும் அனுப்பலாம். அந்த இருவரும் மலையிலிருந்தே படிக்க இறங்கிவந்த முதல் தலைமுறைப் பட்டதாரிகளாக இருந்தால் மொழிச் சிக்கலும் தீரும். அவர்களுக்கு ஒழுங்கான ஊக்கத்தொகையும் கொடுக்கலாம். அறிக்கையில் படத்துக்குப் பதில், நான்கு பிள்ளைகள் ஜூனில் எதைப் படித்தார்கள், மார்ச்சில் எதைப் படிக்கிறார்கள் என்று ஒரே ஒரு பக்கம் போதும். இதற்கு நேரம் ஏது என்று கல்லூரிகள் கேட்கக்கூடும். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் பணி செய்ய வேண்டும் என்பது இப்போதே விதி. ஏழு நாள் முகாம் அதில் சேராது. பள்ளி நடக்கும் 40 வாரமும் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் என்றால் 80 மணி நேரம். பேருந்தில் மலை ஏறி இறங்க இன்னும் 40 மணி நேரம் மிச்சம் இருக்கிறது.