தேதியில்லாத உருக்கம்

2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோது ட்விட்டரிலும் ஃபேஸ்புக்கிலும் பரவிய உதவிக் குரல்களை இலக்கியம் என எவரும் கொள்ளார். எனினும் அவற்றை உரைநடையாக வாசிக்கத் துணிகிறோம்.

பலவற்றில் உருக்கம் மிகுதி, தேதி இல்லை. கரையேறிவிட்ட குடும்பத்துக்கு மறுநாளும் அவை படகு கேட்டன. தெரு, ஆள்கணக்கு, எழுதிய நேரம் ஆகியவை அமைந்த வறண்ட வரியே உயிர் காத்தது. வெளியூர்களில் அமர்ந்திருந்த முகமறியாத் தன்னார்வலர்கள் தொலைபேசியில் அழைத்து விசாரித்து, பொதுப் பட்டியலில் ‘உதவி கிடைத்தது’ என்று எழுதினார்களே, அந்த இரு சொற்களையே நாம் உயர்ந்த எழுத்து என்போம். நல்ல சமாரியர் சாவடிப் பொறுப்பாளரிடம் திரும்பி வருவதாகச் சொன்ன பகுதியை நாம் விரைந்து கடந்துவிடுகிறோம் அல்லவா?

2021 நவம்பரில் பாலாறு பெருக்கெடுத்தபோது, பள்ளிகொண்டாவில் நம் கைப்பேசிக்கு வந்த செய்திகளை நாமும் தேதி பாராமலே பிறர்க்கு அனுப்பினோம்.