சுட்டால் நோய் நிற்குமா?

தலை தொங்கி, வாயில் எச்சில் ஒழுக, எலும்பும் தோலுமாய் நிற்கும் ஒரு மானை நினைத்துப் பாருங்கள். வட அமெரிக்க மான்களை வாட்டிவரும் நாட்பட்ட மெலிவு நோயின் கடைசிக் கட்டம் அது. 1967-இல் கொலராடோவில் அடைத்து வளர்த்த மான்களிடம் முதலில் தென்பட்டது. பிரியான் என்னும் உருக்குலைந்த புரதமே இதற்குக் காரணம். மருந்து கிடையாது. எனவே நோய்ப் பகுதியில் மான்களைச் சுட்டுக் குறைக்கிறார்கள். பெரும்பாலும் நலமுள்ள மான்களே சாகின்றன. இதனால் பயன் உண்டா?

‘உண்டு’ என்கிறது 2014-இல் இல்லினாய்ஸ் ஆய்வாளர் நால்வர் வெளியிட்ட கட்டுரை. விஸ்கான்சின், இல்லினாய்ஸ் என்னும் அண்டை மாநிலங்கள் இரண்டிலும் 2002-இல் நோய் கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டும் சுடத் தொடங்கின. வேட்டைக்காரரும் நிலச் சொந்தக்காரரும் எதிர்க்கவே, விஸ்கான்சின் 2007-க்குப் பின் கைவிட்டது. இல்லினாய்ஸ் ஒவ்வொரு குளிர்காலத்திலும் தொடர்ந்தது. இல்லினாய்சில் நோயுற்றவை நூற்றுக்கு ஒன்று என்ற அளவிலேயே நின்றன. விஸ்கான்சினில் ஆண்டுதோறும் ஏறின.

பத்தாண்டுக் கணக்கு என்பதே இக்கட்டுரையின் பலம். நோய் தொற்றிய மான் ஒன்றரை இரண்டு ஆண்டுகள் நலமாகவே தோன்றும். அப்படியிருக்க, ஐந்தே ஆண்டில் ‘பயனில்லை’ என்று கைகழுவியது அவசரம்தான்.

ஆனால், ‘சுட்டதால்தான் நின்றது’ என்னுமிடத்தில் நீங்கள் சற்று நிதானிக்க வேண்டும். உரச் சோதனையில் எந்தப் பாத்திக்கு உரம் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்போம் அல்லவா? இங்கே அதைத் தீர்மானித்தது அரசியல். மேலும், விஸ்கான்சினில் நோய் கண்ணில் படுமுன்பே நெடுநாள் பரவியிருக்கக்கூடும். அப்படியானால் இருவரும் ஒரே கோட்டிலிருந்து ஓடத் தொடங்கவில்லை.

மண்ணையும் மறக்கக்கூடாது. கொலராடோவில் நடத்தி 2004-இல் வெளியிட்ட சோதனையொன்றில், நோயுற்ற மான்களை அகற்றி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் காலியாகக் கிடந்த அடைப்பில் விட்ட நலமான மானுக்கும் நோய் தொற்றியது. துப்பாக்கி மானைத்தான் அகற்றும். மண்ணில் தங்கிய பிரியானை அகற்றாது. கட்டுரையாளர்களும் நோய் ஒழியும் என்று சொல்லவில்லை. தலைப்பிலேயே ‘ஏறாமல் நிறுத்துதல்’ என்றுதான் போட்டிருக்கிறார்கள். அந்த அளவில் அவர்கள் முடிவை நான் ஏற்கிறேன்.

சீட்டுக் குலுக்கிச் சில வட்டாரங்களில் சுடாமலே விட்டுப் பார்த்தால் சந்தேகம் தீரும். ஆனால் அங்கே நோய் மண்ணில் ஊறிவிட்டால் அந்தப் பழியை எந்த அதிகாரி ஏற்பார்?