நவம்பர் 31 எங்கே போச்சு?

அகல அட்டவணையை நீளமாக்குவது பற்றி யார் பேசினாலும் ஹாட்லி விக்காமின் ‘டைடி டேட்டா’ (2014) கட்டுரைக்குத்தான் வருவார்கள். ஒரு மாறிக்கு ஒரு நெடுவரிசை, ஒரு அளவீட்டுக்கு ஒரு வரிசை. நானும் தினம் பின்பற்றுகிற விதிதான். ஆனால் அதிலுள்ள வானிலை உதாரணத்தோடு எனக்கொரு சண்டை உண்டு.

மெக்சிகோ நிலையம் ஒன்றின் அட்டவணை. 1 முதல் 31 வரை தேதிகள் நெடுவரிசைகளாக நிற்கின்றன. நீளமாக்கும்போது காலிக் கட்டங்களை விட்டுவிடுகிறார். மாதத்துக்கு எத்தனை நாள் என்று தெரியும், வேண்டுமானால் மீட்டுக்கொள்ளலாம் என்பது அவர் வாதம். சரிதான். ஆனால் நவம்பர் 31 காலி என்றால் அப்படியொரு நாளே கிடையாது. நவம்பர் 12 காலி என்றால் அன்று அளக்கவில்லை. இரண்டும் ஒன்றா?

பரங்கிப்பேட்டை மழைக்கணக்கில் நானும் இப்படித்தான் காலிகளைத் தூக்கிவிட்டுக் கூட்டினேன். அளக்காத நாளெல்லாம் மழையில்லாத நாளாகிவிட்டது. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியிருக்கிற ஊருக்கு இது சின்னப் பிழை இல்லை. அகல அட்டவணையில் ஓட்டை கண்ணில் படும். நீளத்தில் ஓட்டையே காணாமல் போய்விடும்.

பாண்டாஸின் மெல்ட் காலிகளை அப்படியே வைத்துக்கொள்கிறது, நீக்குவது நாம்தான். இல்லாத தேதிகளை மட்டும் கழியுங்கள். அப்புறமும் கூட்டும்போது அது காலிகளைப் பேசாமல் தாண்டிவிடும். அதனால் மொத்தத்துக்குப் பக்கத்திலேயே எத்தனை நாள் அளந்தது என்றும் எழுதிவையுங்க.