பாடுவோர் முகமும் பாடுபடுவோர் கையும்: இசைக்காணொளி பற்றிச் சில சிந்தனைகள்

மருதமுனையின் தறிக்கூடமொன்றினுள் நுழைபவருக்கு முதலிற் கேட்பது தறியின் ஓசை. அடுத்துக் கேட்பது பாட்டு. ஒரு காலத்தில் அப்பாட்டு இலங்கை வானொலியிலிருந்து வந்தது. பின்னர் ஒலிநாடாவிலிருந்து வந்தது. இன்று தறிமரத்திற் சாய்த்து வைக்கப்பட்ட கைத்தொலைபேசியிலிருந்து வருகின்றது. முன்னைய இரு சாதனங்களும் நெசவாளியின் செவியை மட்டுமே வேண்டின. மூன்றாவதோ கண்ணையும் வேண்டி நிற்கின்றது. பாவில் ஓரிழை அறுந்தாலும் உடனே காணவேண்டிய கண் அது. எனவே திரையில் எவர் ஆடினும் நெசவாளி அதனை நிமிர்ந்து நோக்குவதில்லை. காணொளியை அவர் வானொலியாக்கிக் கொள்கின்றார். இசைக்காணொளி எனும் கலை வடிவம் யாருடைய கண்ணுக்காக, எந்நேரத்துக்காக ஆக்கப்பட்டது என்ற வினாவை நாம் இங்கிருந்தே தொடங்க விரும்புகின்றோம்.

இவ்வடிவம் பற்றித் தமிழில் எழுதப்படுவனவற்றுட் பல பார்வையாளர் தொகையைப் போற்றுவன. எஞ்சியவற்றுட் பல இளைஞர் கெட்டுப்போவதையிட்டுப் புலம்புவன. இரண்டும் திறனாய்வாகா. திரைப்படம் பற்றிப் பேசுவதே கல்வியுலகுக்கு இழுக்கு என்று கருதப்பட்ட சூழலிலேதான் பேராசிரியர் கா. சிவத்தம்பி தமிழ்த் திரைப்படத்தை அரசியற் தொடர்பூடகமாக நோக்கிய தமது ஆங்கில நூலை 1981இல் வெளியிட்டார். திரைப்படத்துக்குக் கிடைத்த அக்கவனம் அதன் இளைய உறவான இவ்வடிவத்துக்கு இன்னும் கிடைக்கவில்லை.

அதே 1981ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதலாந் திகதி அமெரிக்காவில் எம்.டி.வி. எனும் ஒளியலை தொடங்கப்பட்டமை தற்செயலான ஒற்றுமையே. ஆயின் பாடலுக்குப் படம் பிடிப்பது அன்று பிறந்ததன்று. 1940களில் அமெரிக்க மதுச்சாலைகளில் நாணயமிட்டுப் பார்க்கும் பாடற்படப் பெட்டிகள் இருந்தன. 1960களில் பிரான்சில் அவற்றின் வண்ணப் பதிப்பு பரவியது. 1975இல் ‘குவீன்’ என்னும் ஆங்கிலேய இசைக்குழுவின் ‘போஹீமியன் றப்சடி’க்குப் புரூஸ் கௌவர்ஸ் ஒரு சில மணிநேரத்தில் எடுத்து முடித்த படத்தின் நோக்கம் மிக எளியது: தொலைக்காட்சி நிலையத்துக்குப் பாடகர் செல்லாமலே பாட்டு செல்லவேண்டும். எம்.டி.வி. இதனை ஒரு பொருளாதார முறைமையாக வளர்த்தது. இசைத்தட்டு நிறுவனங்கள் தமது செலவில் எடுத்த காணொளிகளை ஒளியலைக்கு வழங்கின. ஒளியலை அவற்றின் இடையிடையே விளம்பரங்களை விற்றது. அதாவது, விளம்பரங்களுக்கு இடையே நிகழ்ச்சியாக ஓடியதும் ஒரு விளம்பரமே. அந்த நிகழ்ச்சியில் எவருடைய முகம் தோன்றலாம் என்பதும் அதே கணக்கினாலேயே தீர்மானிக்கப்பட்டது. 1983இல் மைக்கேல் ஜாக்சனின் ‘பில்லி ஜீன்’ இடம்பெறும் வரையில் கறுப்பினக் கலைஞருக்கு அங்கு கிடைத்த இடம் மிகச் சொற்பம். அவ்வாண்டின் இறுதியில் ஜோன் லான்டிஸ் இயக்கிய ‘திறில்லர்’ ஏறத்தாழப் பதினான்கு நிமிடம் நீண்டு, காணொளி தன்னளவிலேயே விற்கத்தக்க பண்டம் என்பதை நிறுவியது.

தமிழில் இவ்வரலாறு நேரே பொருந்தாது. இங்கு பாடலைக் கண்ணாற் காண்பது திரைப்படத்தின் வழி ஏற்கெனவே பழகிப்போன ஒன்று. 1938இல் வெளியான ‘நந்தகுமார்’ படத்தில் ஒருவர் குரலுக்கு இன்னொருவர் வாயசைத்தது முதல், குரல் ஒருவருக்கும் முகம் இன்னொருவருக்கும் உரியதாயிற்று. பின்னாளில் சென்னைத் தொலைக்காட்சியின் ‘ஒலியும் ஒளியும்’ பாடலைக் கதையினின்று வெட்டியெடுத்துத் தனித்து நிற்கச் செய்தது. இலங்கையில் 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982 பெப்ரவரியில் ரூபவாஹினியும் தொடங்கப்பட்ட பின்னர் எமது வீடுகளிலும் இதுவே நிகழ்ந்தது. ஆகவே, பிற்காலத்தில் திரைப்படத்துக்கு வெளியே தமிழ் இசைக்காணொளி தோன்றியபோது, பாட்டுக்குப் படம் என்பதல்ல புதுமை. பாடியவரே தமது முகத்துடன் தோன்றினார் என்பதே புதுமை. அரை நூற்றாண்டுக்கு மேலாகத் திரைக்குப் பின்னால் நிறுத்தப்பட்ட பாடகரின் உழைப்பு முதன்முறையாகக் கண்ணுக்குப் புலனாயிற்று. இதனை ஒரு முற்போக்கான மாற்றம் என்றே நாம் கொள்கின்றோம். ஆனால் பாடகரின் முகம் புலனாகியவுடன், அம்முகத்துக்குப் பின்னால் மறைவோர் யார் என்ற அடுத்த வினாவும் எழுந்தது.

இவ்வினா உத்தியுடன் பிணைந்தது. 1928இல் ஐசென்ஸ்ரைன், புடோவ்கின், அலெக்சாந்திரோவ் ஆகிய மூவரும் ஒலி குறித்து வெளியிட்ட கூட்டறிக்கை இங்கு நினைவுகூரத்தக்கது. படத்தில் காண்பதையே ஒலியும் சொல்லுமாயின் படத்தொகுப்பின் ஆற்றல் அழிந்துவிடும். ஒலி படத்துக்கு எதிர்நிலையில் நின்று இயங்கவேண்டும் என்பது அவர்கள் வாதம். இசைக்காணொளியின் பெருவழக்கான இலக்கணமோ இதற்கு நேர்மாறானது. தாளம் விழும் இடத்திற் படம் வெட்டப்படுகின்றது; சொல் மழையென்றால் திரையிலும் மழை; பாடகர் உதடு அசைய, பின்னணியில் நிலம் ஓடுகின்றது. மெதுவசைவும் வானூர்திக் கமராவின் பருந்துப் பார்வையும் இன்று மலிந்துவிட்ட மேலதிக அணிகள். மேலிருந்து நோக்குகையில் வயலெல்லாம் ஒரே பச்சை; அங்கே குனிந்து நிற்பவர் நிலச் சொந்தக்காரரா கூலியாளா என்பது தெரியாது. உத்தி நடுநிலையானது என்போர் இப்பச்சையைச் சற்று எண்ணிப் பார்க்கட்டும்.

எதிர்நிலை சாத்தியமானதே என்பதற்குத் தமிழிலேயே சான்றுண்டு. 2017 ஜனவரியில் வெளியான ‘சென்னைப் புறம்போக்குப் பாட’லைக் கபேர் வாசுகி எழுத, டி. எம். கிருஷ்ணா பாட, ரதீந்திரன் பிரசாத் இயக்கினார். எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையங்களின் சாம்பல் படிந்து மீனவர் வாழ்வு நலிந்தமையே பொருள். ஊருக்குப் பொதுவான நிலத்தைக் குறித்த சொல்லொன்று வசைச்சொல்லாக இழிந்த வரலாற்றையும் பாடல் எடுத்துக்கொள்கின்றது. சபாக்களின் குளிரூட்டிய மண்டபத்துக்குரிய கருநாடக இசைக் கச்சேரி, பக்கவாத்தியங்களுடன் அச்சிதைந்த நிலத்திலேயே அமர்கின்றது. இராகம் கேட்கும் செவிக்கும் புகைபோக்கி காணும் கண்ணுக்கும் இடையே உடன்பாடில்லை. அவ்வுடன்பாடின்மையே பொருளைத் தோற்றுவிக்கின்றது. சென்னைப் பேச்சுவழக்குச் சொற்கள் இராகத்தில் ஏறும்போது இசையின் சாதிப் பெருமிதமும் சற்று ஆட்டங் காண்கின்றது. எனினும், அங்கும் நடுவில் இருப்பது புகழ்பெற்ற ஒரு பாடகரின் முகமே என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று.

இத்தகைய காணொளிகளாற் பயன் என்ன என வினவுவோர் உளர். 2015இல் சோபியா அஷ்ரப் கொடைக்கானல் வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரச நஞ்சு பற்றிப் பாடிய காணொளி உலகெங்கும் பரவியது. 2016 மார்ச்சில் இந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனம் 591 முன்னாள் தொழிலாளருடன் இணக்கத்துக்கு வந்தது. காணொளியே வெற்றி தந்தது எனச் சிலர் எழுதினர். 2001இல் அத்தொழிற்சாலை மூடப்பட்டதிலிருந்து தொழிலாளர் நடத்திய பதினைந்தாண்டுப் போராட்டத்தை அவ்வாறு எழுதுவோர் சில நிமிடங்களாகச் சுருக்கிவிடுகின்றனர். பாடல் போராட்டத்துக்குத் துணை செய்தது. அவ்வளவே, அதுவும் சிறிதன்று.

நாம் விரிவாக நோக்கவேண்டியது 2021 மார்ச்சில் வெளிவந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’. அறிவு, தீ ஆகியோர் பாட, சந்தோஷ் நாராயணன் தயாரிக்க, அமித் கிருஷ்ணன் இயக்கிய காணொளி அது. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, பின்னர் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்களுள் ஒருவர். 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரின் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது; எஞ்சிய 1,50,000 பேரின் விதி பின்னுக்குத் தள்ளப்பட்டது. மனிதரைப் பண்டமாக எண்ணிப் பிரித்த அக்கணக்கின் ஒரு துளி, ஒப்பாரியின் சாயலும் துள்ளலிசையும் கலந்து, உலகின் பல மூலைகளில் இளைஞர் ஆடும் பாட்டாயிற்று. நில உடைமையாளரை நோக்கி உழைப்போர் கூறிய ‘என் சாமி’ என்ற விளி, இங்கே அன்பின் விளியாக மீட்டெடுக்கப்படுகின்றது. இது சொல்லளவிலான சிறு புரட்சி என்றால் மிகையாகாது.

காணொளியின் காட்சித் தெரிவோ வேறொரு திசையிற் செல்கின்றது. திறந்த வெளிகள், வண்ண உடைகள், கூட்டமாக ஆடுவோர் என அது ஒரு விழாவாக விரிகின்றது. ஒடுக்கப்பட்டோரை அழுகுரலாக மட்டும் காட்டும் பழைய மரபை மறுத்து அவர்களைப் பெருமிதத்துடன் நிறுத்துவது என்று இதற்கு ஒரு நியாயம் உண்டு. அந்நியாயத்தை நாம் ஏற்கின்றோம். ஆனால் கொழுந்து பறித்த கை அங்கே மையமாகவில்லை. தோட்டம் போட்டவருக்கே அதில் இடமில்லாமற் போனது என்பது பாட்டின் பொருள். காட்சியில் தோட்டம் எவர் உழைப்புமின்றித் தானே வளர்ந்த இயற்கையாகிவிடுகின்றது. கேட்பவர் வரலாற்றை அறிந்தவராயின் துயரம் தட்டுப்படும். அறியாதவருக்கு அது இயற்கையைப் போற்றும் இனிய பாட்டு. பல கோடிப் பார்வையாளருள் இரண்டாம் வகையினரே பெரும்பான்மையினர் என்று நாம் ஊகிப்பது தவறாகாது.

பின் நிகழ்ந்தவை ஊரறிந்தவை. 2021 ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழின் இந்தியப் பதிப்பு அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி போலும் தோன்றினர், அறிவு இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் முதலானோர் அதனைக் கண்டித்தனர். 2022 ஜூலையில் சென்னைச் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அப்பாடல் அறிவு இன்றி மேடையேறியது. பாடலில் தமது பங்கு மறைக்கப்படுவதாக அவர் பொதுவெளியில் எழுத, மற்றையோர் தம் தரப்பை விளக்கினர். 2024 மார்ச்சில், பாடலால் கலைஞர் எவருக்கும் வருவாய் எதுவும் கிடைக்கவில்லை எனச் சந்தோஷ் நாராயணன் கூறினார். வெளியிட்ட ‘மாஜா’ நிறுவனம் அதனை ஏற்கவில்லை. இவற்றைத் தனிமனிதர் பூசலாகக் காண்பது வசதியானது. மூவருள் எவர் நல்லவர் என்று தீர்ப்பளிப்பது எமது பணியன்று. தோட்டத்தில் விளைந்ததை விளைவித்தவர் பெறாத கதையைச் சொன்ன பாடலே, விளைவித்தவர் யார், விளைச்சல் எங்கே போயிற்று என்ற வழக்காக மாறியது என்பதே எமக்கு முக்கியமானது. வடிவம் தான் பிறந்த சந்தையை மறக்கவில்லை.

இனி எமது கரையோரத்துக்கு வருவோம். கிழக்கிலங்கை முஸ்லிம்களின் ‘கவி’ வயலிற் பிறந்தது. போடியாரின் நிலத்தில் முல்லைக்காரராகவும் கூலியாளாகவும் மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்து கிடந்தோர், இரவில் பரணில் காவலிருந்து பாடியவை அவற்றுட் பல. மச்சானும் மச்சியும் பேசும் காதற் பாட்டென நாம் இரசிக்கும் கவியின் அடியில் இப்பிரிவின் பொருளாதாரம் உள்ளது. வித்துவான் வி. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ (1964) முதலாக, நிந்தவூர் எஸ். முத்துமீரானின் தொகுப்பு முயற்சிகள் வரை அவை ஏட்டில் ஏறியுள்ளன. பாடியவர் பெயர் பெரும்பாலும் இல்லை. அவை எவருடைய சொத்துமல்ல. ஒருவர் பாட மற்றவர் மாற்றிப் பாடுவதே அவற்றின் வாழ்வு. இன்று இணையத்தில் ஏற்றப்படும் பாடலுக்கு உரிமையாளர் ஒருவர் வேண்டும். முதலிற் பதிவு செய்தவரே உரிமையாளர். பொது நிலம் புறம்போக்கான கதை இசையிலும் நிகழக்கூடும் என நாம் அஞ்சுவது இதனாலேயே.

இங்கு சமயப் பாடல்கள் பற்றியும் ஒரு சொல். நாகூர் ஈ. எம். ஹனிபாவின் குரல் இசைத்தட்டிலும் நாடாவிலும் எமது ஊர்களை ஆண்டது. அவர் முகத்தை அறியாமலே அவரை நேசித்தோர் பலர். அக்குரல் காணொளிக்கு வந்தபோது ஓர் உண்மையான கலைச்சிக்கல் எழுந்தது. புகழப்படுபவரை உருவாகக் காட்டல் ஆகாது. அவ்வாறாயின் கமரா எதைக் காட்டும்? மினாராக்கள், முகில், கடல், பூக்கள் எனப் படங்களை அடுக்கி இச்சிக்கலைக் கடந்துவிட்டனர். இது வறுமையான தீர்வு. 2003இல் சாமி யூசுபின் ‘அல் முஅல்லிம்’ வேறு தீர்வைக் கண்டது: நபியின் புகழைப் பாடும் பாட்டுக்கு, பாடகரே புகைப்படக் கலைஞராகத் தோன்றி, வசதியான வீட்டில் தாயைப் பேணிப் பிறருக்கும் உதவும் நல்லிளைஞராக வாழ்ந்து காட்டுகின்றார். உத்தி நேர்த்தியானது, ஆனால் பக்தி அங்கே நடுத்தர வர்க்க வாழ்வின் கண்காட்சியாகவும் ஆகிவிடுகின்றது. உருவைக் காட்டாமலே பொருளைக் காட்டும் கட்டுப்பாடு ஒரு பெரிய கலையை இங்கே பிறப்பித்திருக்கலாம். எமது றபானும் பக்கீர் பைத்தும் பொல்லடியும் முகத்தை அல்ல, கையையும் கூட்டசைவையும் முதன்மைப்படுத்தும் கலைகள் அல்லவா? கமரா அக்கைகளை நோக்கித் தாழ்ந்தால் போதும்.

மருதமுனையில் இளைஞரொருவர் தமது கைத்தொலைபேசியால் எடுத்த இரு நிமிடக் காணொளியொன்றை அண்மையில் எமக்குக் காட்டினார். அவருடைய வாப்பா தறியில் இருக்கின்றார். நாடா ஓடுகின்றது, கை, கால், நூல் யாவும் அழகாகப் பிடிக்கப்பட்டிருந்தன. மேலே ஒரு திரைப்படப் பாடலின் இசை. தறியின் ஓசை எங்கே என்றோம். “அது சரியான சத்தம் சேர், பாட்டக் கேக்க உடாது, எடுத்துப் போட்டன்” என்றார். மூலப்பதிவு அவரிடம் இருந்தது. கேட்டு வாங்கிப் பார்த்தோம். ஓரிடத்தில் இழையறுந்து தறி நிற்கின்றது. வாப்பா இருமிக்கொண்டு யாரையோ நூல் கொண்டுவரச் சொல்கின்றார். நூல் வரும்வரை ஓசை எதுவுமில்லை. வெளியிடப்பட்ட காணொளியில் அவர் இழையைப் பொருத்தும் அக்கணம் மெதுவசைவில் நீண்டு, பாட்டின் வயலின் பகுதி அதன்மேல் வந்து முடிந்திருந்தது.