மலையகக் காடு மீட்பும் கூட்டணிகளின் கணக்கும்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையின் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் சரிவுகளைச் சிதைத்த பின்னர், செங்குத்தான தேயிலை நிலங்களை மீண்டும் காடாக்க வேண்டும் என்ற குரல் வலுத்திருக்கிறது. காட்டைக் காக்க நிற்கும் அணியும் நிலத்தைப் பயன்படுத்த நிற்கும் அணியும் மோதுவதால் கொள்கை தானாகவே நடுநிலைக்கு வந்து சேரும் என்ற சமாதானமும் கூடவே சொல்லப்படுகிறது. ஒத்த நம்பிக்கை கொண்ட அதிகாரிகள், ஆய்வாளர்கள், அரசியல்வாதிகள், அமைப்புகள் ஓரணியாகத் திரண்டு பல்லாண்டுகள் போட்டியிடுவதே கொள்கையை உருவாக்குகிறது என்று 1980களின் இறுதியில் அரசறிவியலாளர் போல் சபாட்டியர் முன்வைத்த விளக்கம் இதற்குத் துணையாக நிற்கிறது.

போட்டி பயனற்றதன்று. இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவது 1990இல் தடைசெய்யப்பட்டது. ஒதுக்கக் காடாகப் பிரகடனம் பெறாத ‘ஏனைய அரச காடுகளை’ வனத் திணைக்களத்திடமிருந்து மாவட்ட, பிரதேச செயலாளர்களுக்கு மாற்ற 2020இல் 5/2001 சுற்றறிக்கை நீக்கப்பட்டபோது, நீதிமன்றம் சென்றவர்கள் சூழலியலாளரே. ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஜூனில் விவசாய அமைப்புகளின் எதிர்ப்பை மீறி இயற்கை மீட்புச் சட்டத்தை நிறைவேற்றியதும் இத்தகைய இழுபறிக்குப் பின்னரே.

தேயிலைத் தோட்டத்திலோ இரு அணிகளும் ஒன்றில் உடன்படுகின்றன: சரிவில் குடியிருப்பவருக்கு அந்தச் சரிவைப் பற்றிப் பேச இடமில்லை. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கியபோது, 1948 குடியுரிமைச் சட்டத்தின் வழியே வாக்கிழந்திருந்த தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோர் அந்தப் பங்கீட்டின் கணக்கிலேயே இல்லை. தோட்டக் காணி பறிபோவதை எதிர்த்த போராட்டத்தில் 1977இல் டெவன் தோட்டத்துச் சிவனு லட்சுமணன் சுட்டுக்கொல்லப்பட்டார். 1992இல் நிர்வாகம் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் சென்றபோதும் நிலை மாறவில்லை. வாக்கு மீண்ட பின்னரும் மலையகக் கட்சிகள் இந்தக் குறையைத் தீர்க்கவில்லை என்பதே கசப்பான உண்மை. 1978இல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் தலைவர் எஸ். தொண்டமான் அமைச்சரவையில் சேர்ந்தது முதல், 2020 தேர்தலில் அக்கட்சி பொதுஜன பெரமுனவோடும் தமிழ் முற்போக்குக் கூட்டணி ஐக்கிய மக்கள் சக்தியோடும் நின்றது வரை, அவை கேட்டுவந்தவை சம்பளம், தனிவீடு, ஏழு பேர்ச் காணி ஆகியவையே. வீட்டுக்கு மேலேயுள்ள சரிவில் என்ன நடப்பட வேண்டும், அதை யார் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற கேள்வி பேரம்பேசலில் இடம்பெற்றதில்லை.

விளைவை விறகில் பார்க்கலாம். தொழிற்சாலையில் கொழுந்தை உலர்த்தும் அடுப்புக்கென்று கம்பனி வளர்க்கும் யூகலிப்டஸ், ஏட்டில் பசுமைப் பரப்பாகிறது. அதன் அடியில் விழுந்த கிளைகளை தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் அடுப்புக்குக் கட்டித் தலைச்சுமையாகக் கொண்டுவரும் பெண்ணோ களவுக்கும் காட்டழிப்புக்கும் குற்றவாளியாகிறாள். கான் எனப்படும் வடிகாலை வெட்டாமலும் புல் பிடுங்காமலும் கைவிடப்பட்டுக் காடாகிப் போன மலைகளும் தொலைவிலிருந்து மீட்பாகவே தோன்றும். அருகே சென்றால், கான் தூர்ந்து மழைநீர் வழிந்தோட வழியின்றி மண்ணுக்குள் இறங்குவதும், குளவிக் கொட்டுக்கும் சிறுத்தைக்கும் அஞ்சிக் கொழுந்து பறிப்பவர்கள் நிற்பதும் தெரியும்.

கான் எங்கே தூர்கிறது, எந்த ஊற்று வற்றுகிறது, எந்த வளைவில் மண் பிளக்கிறது என்பதை அன்றாடம் காண்பவர்கள் இவர்களே. ஆயினும் காட்டணி இவர்களை அகற்றப்பட வேண்டியவர்களாகவும், தோட்ட அணி காலையில் வேலைக்கு ஆளெண்ணும் பிரட்டுக் களத்துக் கைகளாகவும், இவர்களது கட்சிகள் வாக்குகளாகவும் மட்டுமே எண்ணுகின்றன. எந்த அணி வென்றாலும் தோற்பவர் ஒருவரே என்றால், அந்தப் போட்டியைச் சமநிலை என்று போற்றுவதற்கு நியாயமில்லை. மரத்தின் பயனிலும் சரிவின் பராமரிப்பிலும் தோட்டக் குடியிருப்பாளருக்குச் சட்டபூர்வமான பங்கு தராத மீட்புத் திட்டம், எந்தக் கூட்டணியின் பெயரில் வந்தாலும், காணியை ஓர் எசமானிடமிருந்து இன்னோர் எசமானுக்கு மாற்றும் வேலையே.